தலையணைக்கு அடியில் நற்கருணை

மாஸ்டர்: அக்கா, வாயத் திறங்க.

சவரியம்மா: எதுக்காம்?

மாஸ்டர்: சும்மா திறங்க. நாக்க நீட்டுங்க.

சவரியம்மா: நான் என்னா புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போற கைப்புள்ளையா? மருந்து குடிச்சேனான்னு பாக்க வந்த டிஸ்பென்சர் மாதிரி நிக்கிறீங்க.

மாஸ்டர்: நற்கருணை குடுத்தது நான். முழுங்கினீங்களான்னு பாக்க வேண்டியதும் நான்தான்.

சவரியம்மா: முழுங்கியாச்சு, முழுங்கியாச்சு.

மாஸ்டர்: பெறகு ஏன் தண்ணி கேக்கல? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னயெல்லாம் இந்த நன்மைய எடுத்த கையோட ரெண்டு மடக்கு கேப்பீங்களே.

சவரியம்மா: தாகமில்ல.

தனுஜா: மாஸ்டர், பிளேன்டி ஊத்தவா? இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்...

மாஸ்டர்: பொறும்மா தனுஜா. நீயும் இங்க வா. மெழுகுதிரிய அணைச்சுறாத.

தனுஜா: என்னாச்சு? அம்மாவுக்கு மூச்சு வாங்குதா?

சவரியம்மா: எனக்கு ஒன்னுமில்லடி. பஸ்தியான் மாஸ்டருக்குத்தான் இன்னைக்கு என்னமோ ஆயிருச்சு. பென்சன் எடுத்து ஏழு வருசமாச்சு, இன்னும் எல்லாரையும் பெஞ்சு மேல ஏத்தணும்.

மாஸ்டர்: போன ஞாயித்துக்கிழம உங்க கம்பளியில ஒரு வெள்ளத் துணுக்கு கெடந்துச்சு அக்கா. ரொட்டித் துணுக்குன்னு நெனச்சுத் தட்டிவிடப் போனேன். கீழ்லயத்து வீடுகளுக்கு எறங்குறப்பதான் ஒறச்சுது. நன்மை எடுக்கிற அன்னைக்கு நீங்க காலையில ஒன்னுமே தொடமாட்டீங்களே... ரொட்டி எங்க இருந்து வந்துச்சு? ஒரு கெழமையா எனக்குத் தூக்கமில்ல.

சவரியம்மா: வயசாச்சுல்ல. தூக்கம் வராதுதான்.

மாஸ்டர்: இன்னைக்கு நான் கண்ண மூடி ஜெபம் சொல்லல. மூடின மாதிரி இருந்தேன். உங்க கை வாய்க்குப் போச்சு. பெறகு தலையணைக்கு அடியில போச்சு.

சவரியம்மா: அடடா... ஜெபம் சொல்ற நேரத்துல களவாப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? நல்ல நற்கருணைப் பணியாளர்! பங்குச் சாமியார்கிட்ட சொல்றேன் இருங்க.

மாஸ்டர்: விளையாட்டு வேணாம். கைய எடுங்க அக்கா.

தனுஜா: அம்மா... அங்க என்னம்மா வச்சிருக்க? கைய எடு, நான் பாக்கிறேன்.

சவரியம்மா: ஏய்... மெதுவா இழுடி!

தனுஜா: பால்மா டின்னு! இத நான் எங்கெல்லாம் தேடினேன்... உள்ள அரிசிதான் இருக்கு மாஸ்டர். ரெண்டு கை அரிசி... ஐயோ!

மாஸ்டர்: உள்ள கை விடாத. என்கிட்ட குடு... சேசுவே!

சவரியம்மா: பாத்து. ஒடஞ்சுரும்.

மாஸ்டர்: எத்தன நன்மை இது?

சவரியம்மா: இன்னைக்கு உள்ளதோட பதினொன்னு. ஒதட்டுலயே வாங்கி எடுத்துருவேன், நாக்குல படாது. அரிசிக்குள்ள வச்சா ஈரம் புடிக்காது. இந்தப் பனிக்கு வெளிய வச்சா ரெண்டே நாள்ல பூத்துருமே.

மாஸ்டர்: பதினொன்னுன்னா... பதுளை ஆஸ்பத்திரியில இருந்து வந்த முதல் ஞாயித்துக்கிழமையில இருந்தா?

சவரியம்மா: ஆமா.

மாஸ்டர்: மடுல்சீமையில இருந்து மூனு கட்டைத் தூரம் ஏறி வர்றேன் அக்கா. நெஞ்சுப் பையில ஆண்டவர் இருக்காருன்னு வழியில ஒருத்தர்கிட்டயும் பேச்சுக் குடுக்கமாட்டேன். கால்ல அட்டை கடிச்சாக்கூட குனியமாட்டேன், நன்மைச் சிமிழ் விழுந்துருமோன்னு. நீங்க அவர அரிசி டின்னுக்குள்ள... யாருக்கு இதெல்லாம்?

சவரியம்மா: ஜெயந்தினிக்கு.

தனுஜா: அம்மா...

சவரியம்மா: மெழுகு சேலையில சொட்டுது பாரு, நேரா புடி... மூத்தவளுக்குத்தான் மாஸ்டர், வேற யாருக்கு? சவுதிக்குப் போயி நாலு வருசம். அங்க கோயில் ஏது, பூசை ஏது? நாலு வருசமா அவ நாக்குல நன்மை படல. அவளுக்கு நன்மைப் பாடம் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. முதல் நன்மைக்கு வெள்ளச் சட்ட இல்லாம அழுதாளே... உங்க சம்சாரம் கல்யாணச் சேலைய வெட்டித் தச்சுக் குடுத்துச்சு.

மாஸ்டர்: ஞாபகம் இருக்கு.

சவரியம்மா: சட்ட பெருசாப் போச்சு. நடக்கிறப்ப மிதிச்சு மிதிச்சு விழுந்தா. நீங்க சிரிச்சுட்டீங்க.

மாஸ்டர்: தனுஜா, கொஞ்சம் வெளிய வாம்மா.

சவரியம்மா: டின்ன வச்சுட்டுப் போங்க.

மாஸ்டர்: அக்கா...

சவரியம்மா: வச்சுட்டுப் போங்க மாஸ்டர். நான் என்ன தூக்கிட்டு ஓடவா போறேன்? கக்கூசுக்குப் போகவே ரெண்டு பேரு புடிக்கணும்.

மாஸ்டர்: ...இந்தாங்க. மூடி வைங்க.

தனுஜா: இங்கின நில்லுங்க மாஸ்டர். மெதுவாப் பேசுங்க, பலகச் சுவரு. உள்ள கேக்கும்.

மாஸ்டர்: என்னால இனி முடியாதும்மா.

தனுஜா: முடியாதுன்னா? ஜெயந்தினி அக்கா செத்தது அம்மாவுக்குத் தெரியவே கூடாது. பெரிய டொக்டர் என்ன சொன்னாரு? நெஞ்சு ரொம்ப பலவீனம், அதிர்ச்சியான சேதி ஒன்னும் காதுல போட்டுறாதீங்கன்னு சொன்னாருல்ல.

மாஸ்டர்: மூனு மாசமாகப் போகுது.

தனுஜா: உங்களுக்கு ஞாயித்துக்கிழம அர மணித்தியாலம். நான் நாள் முழுக்க நடிக்கிறேன். அக்கா மெசேஜ் போட்டிருக்கான்னு போனப் பாத்து இல்லாதத எல்லாம் வாசிக்கிறேன். நேத்து, அங்க பயங்கர வெயிலாம்மான்னேன். தலையில துணி போட்டுக்கிட்டு வேல செய்யச் சொல்லுடின்னு சொல்லுது. பீலித் தண்ணியில போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன்.

மாஸ்டர்: பெட்டி வந்தன்னைக்கே யோசிச்சிருக்கணும். ஒரு வேன் புடிச்சு அவங்கள வார்டுல இருந்து கூட்டியாந்திருக்கலாம்.

தனுஜா: கூட்டியாந்து? சீல் வச்ச பெட்டி. தெறக்கவே கூடாதுன்னுட்டாங்க. பலகையவா பாக்கும் அம்மா?

மாஸ்டர்: பெட்டி வந்த பெறகு பாதை சரிஞ்சு போச்சு, சாமியாராலயும் வர முடியல. எங்கிட்ட படிச்ச புள்ளைக்கு நானே அடக்க ஜெபம் வாசிச்சேன். ரெண்டு வரி வாசிச்சு, மூனாவது வரி வரல. குழி வெட்ட வந்த மாரிசாமிதான் தோளப் புடிச்சுக்கிட்டான். அவனுக்கு நம்ம ஜெபமே தெரியாது...

தனுஜா: இப்ப என்ன செய்யப் போறீங்க? அதச் சொல்லுங்க.

மாஸ்டர்: டின்ன சாமியார்கிட்ட ஒப்படைக்கணும். அவரு தண்ணியில கரைச்சு, கால் படாத எடத்துல ஊத்துவாரு. அதுதான் மொற. பணிக்குப் பேரு குடுத்தப்ப பதுளையில மேற்றிராணியார் முன்னுக்கு நின்னு வாக்குக் குடுத்திருக்கேன். இங்க விட்டுட்டுப் போக எனக்கு அதிகாரமில்ல.

தனுஜா: அம்மா குடுக்காது.

மாஸ்டர்: ஜெயந்தினி இருக்கான்னு நம்புற வரைக்கும் குடுக்கமாட்டாங்க. அவ இல்லன்னு தெரிஞ்சா...

தனுஜா: மாஸ்டர்! உங்க கால்ல விழறேன். ஒரு டின்னுக்காக எங்கம்மாவக் கொன்னுறாதீங்க. அக்காவும் போயிட்டா. எனக்கு வேற யாரு இருக்கா?

மாஸ்டர்: அழாத. அழுத மூஞ்சியோட உள்ள போனா என்னான்னு கேப்பாங்க.

சவரியம்மா: தனுஜா! என்னாடி குசுகுசு அங்க? மாஸ்டருக்குத் தேத்தண்ணியக் குடுக்காம வாசல்ல நிப்பாட்டி வச்சிருக்க?

தனுஜா: வர்றோம்மா!... சத்தியமா சொல்லிறாதீங்க மாஸ்டர்.

மாஸ்டர்: அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. இது உங்களுக்குன்னு எடுத்து வந்த நன்மை. நீங்க இன்னொருத்தருக்கு எடுத்து வைக்க முடியாது. பூஞ்சணம் புடிச்சா அந்தப் பாவம் எனக்கு.

சவரியம்மா: அப்ப உங்களுக்குப் பாவம் வந்துரும்னுதான் பயம்.

மாஸ்டர்: அதுவும்தான். இல்லன்னா சொல்ல முடியும்?

சவரியம்மா: இது ஒன்ன மட்டும் உண்மையாச் சொன்னீங்க.

மாஸ்டர்: சாமியாருக்குத் தெரிய வந்தா என்னைய இதுல இருந்து எடுத்துருவாரு. பெறகு இந்த மலைக்கு யாரு ஏறி வர்றது? கீழ்லயத்துல ரெண்டு பேரு படுக்கையில கெடக்குறாங்க. அவங்களையும் யோசிங்க.

சவரியம்மா: சாமியார்கிட்ட சொல்லாதீங்க. நானும் சொல்லல. சரியாப் போச்சு.

மாஸ்டர்: அப்படி முடியாது அக்கா. ஜெயந்தினிக்குக் குடுக்கணும்னா கோயில்ல சாமியாரே புதுசா...

சவரியம்மா: அவ கோயிலுக்கு வரமாட்டா. நான்தான் குடுக்கணும்.

தனுஜா: ஏம்மா வரமாட்டா? நானே கூட்டிட்டுப் போறேன். நீ டின்னக் குடுத்துரும்மா. மாஸ்டர் பாவமில்லையா?

சவரியம்மா: நீ பேசாத. மாஸ்டர், கீழ்லயத்துக்குக் குடுக்கிற நன்மை இன்னும் பையிலதானே இருக்கு?

மாஸ்டர்: இருக்கு. ரெண்டு.

சவரியம்மா: அந்தப் பை மேல கைய வைங்க.

மாஸ்டர்: எதுக்கு அக்கா?

சவரியம்மா: வைங்க. வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. ஜெயந்தினி எப்ப வருவா?

தனுஜா: கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டிருக்காம்மா. நேத்துக்கூட மெசேஜ்ல...

சவரியம்மா: உன்னையக் கேக்கல.

மாஸ்டர்: கீழ்லயத்துக்கு நேரமாச்சு அக்கா.

சவரியம்மா: நேரமா? பையில இருந்து கைய எடுக்காதீங்க, சொல்லுங்க.

தனுஜா: அம்மா, விடும்மா. மாஸ்டர், நீங்க போங்க. கீழ்லயத்துல காத்துக்கிட்டு இருப்பாங்க. போங்க!

மாஸ்டர்: வரமாட்டா அக்கா.

தனுஜா: மாஸ்டர்!

மாஸ்டர்: ஆண்டவர் மேல கைய வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா... அவ வந்துட்டா அக்கா. நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு மூனு நாளு முன்னுக்கு. பெட்டியில வந்தா. நெஞ்சுவலின்னு கடுதாசியில எழுதியிருந்துச்சு. ஜெபம் சொல்லி மண்ணு போட்டது நான். அதுக்குப் பெறகு ஒவ்வொரு ஞாயிறும் இங்க வந்து உங்களுக்கு நன்மையும் குடுத்தேன், பொய்யும் சொன்னேன். மன்னிச்சுருங்க.

தனுஜா: அம்மா... அம்மா, என்னையப் பாரு. மூச்ச இழு. நாக்குக்கு அடியில வைக்கிற மருந்து... மாஸ்டர், அந்தத் தட்டுல, அந்தச் சின்னப் போத்தல்!

சவரியம்மா: வேணாம். விடுடி... கைய விடு. நான் நல்லாத்தான் இருக்கேன்.

தனுஜா: அழும்மா. அழுதுரும்மா.

சவரியம்மா: எங்க வச்சீங்க அவள?

மாஸ்டர்: உங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துல. வலப்பக்கம்.

சவரியம்மா: இன்னொரு ஆளுக்கு எடமிருக்கா?

மாஸ்டர்: ...இருக்கு.

சவரியம்மா: மொகத்த யாரும் பாக்கலியா?

தனுஜா: பாக்க விடலம்மா.

சவரியம்மா: அங்கயும்... கடைசி நேரத்துல ஒரு சாமியாரு, ஒரு நன்மை...

மாஸ்டர்: இருந்திருக்காது அக்கா.

சவரியம்மா: தனியாத்தான் போயிருக்கா.

மாஸ்டர்: டின்னக் குடுத்துருங்க அக்கா. எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே. அவளுக்கு இனி இது எதுக்கு?

சவரியம்மா: தெரிஞ்சது இன்னைக்கு இல்ல மாஸ்டர்... ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே தெரியும். சீக்காளி வீட்டுக்கு பிஸ்கட்டு கொண்டாருவாங்க, தோடம்பழம் கொண்டாருவாங்க. எனக்கு அன்னைக்கு அஞ்சு வீட்டுல இருந்து சோறும் பருப்பும் ஆக்கிக் கொண்டாந்தாங்க. சாவு விழுந்து அடுப்பு எரியாத வீட்டுக்குத்தானே எங்க லயத்துல சோறு வரும்? இவ ஒத்தையாக் கெடந்து நடிக்கிறாளேன்னு நானும் தெரியாத மாதிரியே கெடந்தேன். மண்ணு போட்ட ஆளு வாயால ஒருதரம் கேக்கணும்னு இருந்துச்சு, கேட்டுட்டேன்... டின்ன மட்டும் கேக்காதீங்க. எம் பெட்டிய மூடுறப்ப இத எங் கையில வச்சு விடுங்க மாஸ்டர். ஒரு நன்மைகூட இல்லாமப் போன புள்ள... நான் போயித்தான் ஊட்டணும்.