கேட்டவர்களுக்கு முதலில்

எனக்கு வருகிற கடிதம் எதையும் முழுதாகப் படிக்காமல் நான் மூடியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் செய்கிற இயங்குதளம் ஊரில் பாதி வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. அடுத்த பதிப்பில் என்னென்ன மாற்றம் வேண்டும் என்று மக்கள் எழுதிப்போடும் கோரிக்கைப் பெட்டிக்கு ஒன்பது வருஷமாக நான்தான் பொறுப்பு. ஒருவருக்குப் பொத்தான் இடது மூலையில் வேண்டும், அடுத்தவருக்கு அது அங்கே இருப்பதே பிடிக்காது. தேடினால் கோப்பு கிடைக்கவில்லை என்பார் ஒருவர். அவர் அதற்கு வைத்த பெயர் 'புதுசு புதுசு 2'. கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். ஒரே மாதிரி வருபவற்றைப் பழையதன் கீழ் சேர்த்து மூடிவிடுவேன். அதுதான் வேலை.

தையல்காரம்மா எழுதியதும் அப்படி ஒன்றுதான். அவள் தம்பி மாடியில் படுத்த படுக்கை. கை கால் அசையாது, பேச்சு வராது. கண் மட்டும் அசையும். கட்டிலுக்கு எதிரே இருக்கிற கம்ப்யூட்டர் அந்தக் கண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்கும். தொண்டையில் சளி அடைத்தால் அவன் திரையின் ஒரு மூலையைப் பார்ப்பான். கீழே தையல் கடையில் மணி அடிக்கும். அவள் ஓடிப்போய்க் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பாள். எங்கள் அப்டேட் வந்தால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து திரும்ப எழும். யாராவது வந்து பொத்தானை அழுத்தும் வரை மணி வேலை செய்யாது. 'தயவுசெய்து அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. பதில் வரலைன்னா அணைக்காதீங்க' என்று எழுதியிருந்தாள். இதையே எட்டாயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். சேர்த்து மூடினேன். மறுபடி எழுதினாள். மறுபடி மூடினேன். இப்படி நாற்பத்தோரு முறை. அவள் விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன்.

பக்கத்து மேஜைக்காரருக்கு இளகிய மனசு. அவள் கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்டேட் போகாதபடி நிறுத்திவைப்புப் பட்டியலில் சேர்த்தார். நான் குறுக்கே நிற்கவில்லை. அவள் அதோடு விட்டிருக்கலாம். எல்லாருக்கும் அந்த மாற்றம் வேண்டும் என்று எங்கள் மேலாளருக்கே எழுதினாள். மேலாளர் மீட்டிங்கில் அதை வாய்விட்டுப் படித்தார்.

"இந்தப் பெட்டியப் பாக்குறது மனுஷனா, மரக்கட்டையா? என் தம்பி கண்ணாலயே இவ்வளவு பேசுறான். உங்க ஆளுக்குக் கண்ணு இருந்தும் படிக்கத் தெரியல."

இருபது பேர் சிரித்தார்கள். "என்னப்பா மரக்கட்டை, பதில் சொல்லு" என்றார் மேலாளர். அதன்பிறகு காபி எடுக்கப் போனாலும் எனக்கு அந்தப் பெயர்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஐயா. படிக்கத் தெரியாதாம். அவள் எழுதிய நாற்பத்தொன்றும் எனக்கு மனப்பாடம். சளி அடைத்தால் தம்பி பத்து நிமிஷம்தான் தாங்குவான் என்பது பதினேழாவது கடிதத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதான் கடையில் கூட்டம் அதிகம் என்பது இருபத்தாறாவதில்.

எங்களிடம் முன்னோட்டப் பட்டியல் என்று இன்னொன்று உண்டு. அதில் இருப்பவர்களுக்குப் புதிய பதிப்பு ஊருக்கு முன்னால் போய்ச் சேரும். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, யாரையும் கேட்காமல். நிறுத்திவைப்பிலிருந்து அவள் கம்ப்யூட்டரை எடுத்து இதில் போட்டேன். கை தவறியது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். கை தவறவில்லை. அடுத்த பதிப்பு, அடுத்த பதிப்பு என்று உயிரை எடுத்தவளுக்கு அதையே முதல் ஆளாகக் கொடுத்தேன். அவள் கேட்ட மாற்றம் அதில் இல்லை. அதை நான் மேலே அனுப்பவே இல்லை.

பதினொன்று அடித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்துக்கும் பார்த்தேன். அவள் கீழே துணி வெட்டிக்கொண்டிருந்தாளாம். மணி சத்தம் இல்லையே, தம்பி நன்றாகத் தூங்குகிறான் போல என்று நினைத்துக்கொண்டாளாம். பன்னிரண்டரைக்குத்தான் மாடி ஏறியிருக்கிறாள்.

நேற்று இந்த ஸ்டேஷன் வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டாள். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நீதானாடா அது? கண்ணத் தொறந்தபடியே கெடந்தான்டா எந் தம்பி. அந்த மூலையையே பாத்துக்கிட்டுக் கெடந்தான். ஸ்கிரீன்ல பெருசா என்னமோ போட்டிருந்துச்சே, என்னடா போட்டிருந்த?"

கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை. சொன்னேன். புதிய பதிப்பு முதல்முறை எழும்போது வருகிற வரவேற்பு வாசகம் அது. 'நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம். தொடர இங்கே அழுத்துங்கள்.' அதை எழுதியது நான்தான், ஐயா. மூன்று வாரம் உழைத்து எழுதியது. அதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.