சிவப்புப் பொத்தான்

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. அட்டைத் துண்டு ஒன்றை மடித்து அடியில் செருகினால் நின்றுவிடும். இத்தனை பேர் வேலை பார்க்கும் காவல் நிலையத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். என் பிள்ளைகளாக இருந்தால் உட்காரும் முன்பே சரிசெய்திருப்பார்கள்.

என் பிள்ளைகள் என்று நான் சொல்வது என் ரோபோ வகுப்பு மாணவர்களை. பள்ளி விட்டதும் ஓடிவந்து இருட்டும்வரை திருகாணியும் கம்பியுமாகக் கிடப்பார்கள். வகுப்பை நடத்தி வந்த அறக்கட்டளையை, அதன் சொந்தக்காரர்களான அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் சண்டை போட்டுக் கலைத்துவிட்டார்கள். கூடத்தைக் காலிசெய்யச் சொல்லி ஆளும் அனுப்பினார்கள். வகுப்பைக் காப்பாற்ற உதவி கேட்டு நான் ஏறி இறங்காத படி இல்லை. பள்ளிகள் கையை விரித்தன. பெற்றோர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு கம்பெனி மேலாளர் மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"பிள்ளைங்க கெட்டிக்காரங்கதான் சார். ஆனா நாலு பேர் மனசு இளகுற மாதிரி ஏதாவது இருந்தாத்தான் மேலிடத்துல பேச முடியும்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கெட்டிக்காரத்தனத்துக்கு இந்த உலகத்தில் என்ன மரியாதை என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரோபோவின் இரும்புக் கையை இயக்கும் முன், அதை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். நான் வகுத்த விதி அது. யார் மறந்தாலும் என் மகள் மறக்கமாட்டாள். வாலு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். வேலையில் உட்கார்ந்துவிட்டால் அந்த வால்தனமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது.

அன்று அவள் பொத்தானை நோக்கிப் போனபோது, நான் சோதித்துவிட்டேன், நீ ஆரம்பி என்றேன். சொன்னது அப்பா அல்லவா, திரும்பிவிட்டாள். ஒரு தகட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ரோபோவை இயக்கினாள். இரும்புக் கை தகட்டோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்தது.

"அப்பா, பொத்தான அழுத்துங்கப்பா."

எல்லோரும் பார்க்க அழுத்தினேன். திரும்பத் திரும்ப அழுத்தினேன். அதன் கம்பியை முந்தின நாளே நான் வெட்டிவிட்டதால், ரோபோ தன் வேலையை முடித்துவிட்டுத்தான் நின்றது. அவள் கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் அழுதது நடிப்பல்ல.

ஏன் அவள் என்று கேட்கிறீர்கள். வேறு பிள்ளையாக இருந்தால் அதன் தகப்பன் வழக்குப் போட்டு வகுப்பை இழுத்து மூடியிருப்பான். மேலும், ஊரார் பிள்ளையை நோகடிக்க எனக்கு மனம் வராது. அவள் எழுதுவது வலது கையால். அதைக்கூட யோசிக்காத கல்நெஞ்சன் இல்லை நான்.

மற்ற பிள்ளைகள் சேர்ந்து அவளுக்கு விரல் மடங்குகிற செயற்கைக் கை செய்து கொடுத்தார்கள். ஊரே வந்து பார்த்தது. அந்த மேலாளர் தாமாகவே கூப்பிட்டார். இன்று வகுப்புக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் வந்து பார்க்கட்டும்.

பழைய ரோபோவை எடைக்குப் போடப் போனபோது வாலு விடவில்லை. பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் தூக்கிப்போடக் கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். தானாக அறுந்த கம்பியின் நுனி பிரிந்து கிடக்கும். இது சீராக வெட்டுப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் கழற்றிக் கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். அந்த வகுப்பு வீண் என்று இனி எவனாவது சொல்வானா?

ஆமாம், செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி அப்படியொரு நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

உங்கள் மேசைமேல் கம்பிக்குப் பக்கத்தில் அந்தச் செயற்கைக் கையும் இருக்கிறது. அவளே கழற்றி வைத்துவிட்டுப் போனாள் என்கிறீர்கள். மறந்துபோய் வைத்திருப்பாள். யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், சாயங்காலம் வகுப்பில் அவளுக்கு அது வேண்டும்.