பேர வெட்டணும்

— வெட்டணும்ங்கறீங்க. அதான் வெட்டியாச்சேய்யா? நானே உக்காந்து வெட்டுனேன், போன பங்குனியில. “மகன் ஜெரால்டு.” கடைசி வரி.

— அதத்தான் வெட்டணும்ங்கறேன்.

— வெட்டுனத எப்புடி வாத்தியாரய்யா மறுபடி வெட்டுறது?

— ரேஷன் கார்டுல பேர வெட்டுறாங்கள்ல. அந்த வெட்டு.

— ஓ... எடுக்கச் சொல்றீங்க.

— எடுக்கத்தான்.

— ஆத்தாடி! முப்பது வருசம் தமிழ் சொல்லிக்குடுத்த மனுசன் எங்கிட்ட வந்து இப்புடிக் கொழப்பலாமா? எங்க பட்டறையில அம்மின்னா கொத்துறது, சாமின்னா செதுக்குறது, எழுத்துன்னா வெட்டுறது. வெட்டுனா பேரு வரும். போவாது.

— ஒரே சொல்லு ரெண்டுக்கும் வரும், ஆத்மநாதா.

— அது காயிதத்துல. மொதல்ல உக்காருங்க. அந்த ஆட்டுக்கல்லு மேல வேணாம், இன்னும் கொத்தி முடியல, வேட்டி கிழிஞ்சிரும். இங்கிட்டு வாங்க. இலுப்பூருக்கு எந்த பஸ்ஸுல வந்தீங்க?

— மொத பஸ்ஸு.

— சாப்புட்டீங்களா? டீயாவது சொல்றேன்.

— வேணாம். ஆவூருக்கு எப்ப வருவ?

— கல்லறைத் தோட்டத்துக்கா? வந்து என்ன பண்ணுறது? கோடு போட்டு அடிச்சுட்டுப் போறதுக்கு இது நோட்டா? எழுத்துங்கறது பள்ளம். பள்ளத்த இல்லாம ஆக்கணும்னா சுத்தி இருக்குற கல்லயும் அந்த ஆழத்துக்கு எறக்கணும். அந்த எடம் தட்டு மாதிரி குழிஞ்சு போவும். படுத்த கல்லு வேற. மழ பேஞ்சா தண்ணி நிக்கும்.

— நிக்கட்டும். குருவி குடிச்சுட்டுப் போவும்.

— அடைக்கலராஜ் வாத்தியாரா பேசுறது!

— செல்வி பேருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?

— அம்மா பேரு மேலதான இருக்கு. பொறப்பு, எறப்புன்னு ரெண்டு தேதியோட. அத எவன் தொடுவான்? கீழ இருக்குற ஒங்க ரெண்டு பேருக்குந்தான் தேதியில்லாம வெறும் பேரு. “இவண், கணவர் அடைக்கலராஜ், மகன் ஜெரால்டு.”

— அந்த “இவண்”ணுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு?

— இன்னார் போட்டதுன்னு அர்த்தம். போஸ்டர்ல எல்லாம் அடிக்கிறாங்களே.

— “இங்கே”ன்னு அர்த்தம். அதுக்குக் கீழ இருக்குற பேருக்காரன் இங்க இருக்கணும்.

— இது நல்லாருக்கே! அப்புடிப் பாத்தா நம்ம ஜில்லாவுல பாதிக் கல்லு மொட்டையாத்தான் கெடக்கணும். எல்லாப் பயலும் துபாய்லயும் சிங்கப்பூர்லயும்ல கெடக்குறான். சிரிக்கவாச்சும் செய்யுங்கய்யா. தம்பி மேல கோவமா? அம்மா சாவுக்கு வரலேன்னு?

— கத்தார்ல அவனுக்கு லீவு குடுக்கல. ஃபோன்ல பாத்தான். பொட்டிய மூடுறப்ப சிக்னலு போயிருச்சு.

— அப்ப என்னத்துக்கு? அன்னைக்கு இதே எடத்துல நின்னு, “ஆளுதான் வரல, பேராவது அவ காலடியில இருக்கட்டும்”னு சொன்னவரு நீங்கதானே? மிசின் எழுத்து வேணாம், கையால வெட்டுன்னீங்க. அந்த “ஜெ”வுக்கே அர நாளு ஆச்சு எனக்கு.

— நல்லா வெட்டியிருக்க. வாராவாரம் போயித் தடவிப் பாப்பேன். வெரலு உள்ள போயி உக்காரும்.

— அதச் சொல்லுங்க. அத எடுக்கச் சொல்லாதீங்க. நான் செய்யமாட்டேன்யா.

— செய்யணும்.

— மாட்டேன். அப்பன் சொல்லி, நல்லா இருக்குற புள்ள பேரக் கல்லுலேருந்து எடுக்குறதா? எங்கையில உளி நிக்காது. கோவம் ஒரு மாசத்துல எறங்கிரும், எறக்குன கல்லு ஏறாது. நாளப்பின்ன லீவுல வந்து, அம்மா கல்லறையில நின்னு எம்பேரு எங்கன்னு தேடுவான்ல?

— தேடமாட்டான்.

— ஃபோனப் போடுங்க. நான் பேசுறேன் தம்பிகிட்ட.

— எடுக்கமாட்டான். ராத்திரியிலேருந்து நாலு தடவ போட்டேன். எடுக்கமாட்டான்னு தெரிஞ்சுதான் போட்டேன்.

— பாத்தீங்களா, அவனுக்கும் ஒங்க பிடிவாதந்தான். பங்குச் சாமியார்கிட்டயாவது சொன்னீங்களா? அவரு பேசித் தீத்துவைப்பாருல்ல?

— யாருகிட்டயும் சொல்லல. வீட்டுலேருந்து கெளம்பி, ஒங்கிட்ட வந்துதான் மொதல்ல வாயத் தொறந்தேன்.

— எங்கிட்டயா? ஏன்யா? மொதல்ல தண்ணி குடிங்க. இந்தாங்க.

— கீழ வெட்டிட்டுச் சும்மா விடச் சொல்லல ஒன்னைய. மேலயும் வெட்டணும். நீ சொல்ற வெட்டு. செல்வி பேருக்குப் பக்கத்துல எடம் இருக்குல்ல?

— எடம் இருக்கு... பின்னாடி ஒங்க பேருக்கு ஆவும்னு நீங்கதான் விடச் சொன்னீங்க. ஆனா மேல வெட்டுற பேருக்கு ரெண்டு தேதி வேணுமேய்யா.

— ரெண்டும் இருக்கு. ரெண்டாவத நேத்துச் சாயங்காலம் கத்தார்லேருந்து கூப்புட்டுச் சொன்னாங்க. எழுதிக்க.