திருச்செல்வத்தின் சாப்பு

பிரேமலா: ...அதனால இந்த எடத்துல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிஞ்சுச்சு மாமா.

திருச்செல்வம்: முடிஞ்சுச்சா? யாருக்கு?

பிரேமலா: ஆரம்பிச்சிட்டீங்களா... மெதுவா பேசுங்க. இது புகார் கவுண்டர். ஆளு வர்ற எடம்.

திருச்செல்வம்: வரட்டுமே. நானும் நம்பர் எடுத்துட்டுத்தானே வந்து உக்காந்திருக்கேன். முப்பத்தொரு வருசம் இதே நகராண்மைக் கழக மஜ்லிஸ்ல கணக்கெழுதுற கிராணி வேலை பாத்துட்டு, சொந்த அக்கா மக கவுண்டருக்கு நம்பர் எடுத்துட்டு வர்றேன்.

பிரேமலா: நான் எடுக்கச் சொல்லலயே.

திருச்செல்வம்: வாசல்ல செக்யூரிட்டி சொன்னான். போன மாசம் வரைக்கும் எனக்கு சலாம் போட்டவன்.

பிரேமலா: மாமா, மத்தியானம் ரெண்டரைக்கு விசாரணை. அதுக்கு முன்னாடி இந்த லெட்டர் மேல போயிரணும்.

திருச்செல்வம்: என்ன எழுதியிருக்கு? கண்ணாடி கொண்டு வரல.

பிரேமலா: சட்டைப் பையில என்ன அது?

திருச்செல்வம்: ...நீயே சொல்லு. உன் வாயால கேக்கணும்.

பிரேமலா: மலாய்ல இருக்கு, சுருக்கமா சொல்றேன். மஜ்லிஸ் மண்டபத்துல, அந்த டேவான்ல, கல்யாணம் வச்சவங்க கட்டின ஐநூறு ரிங்கிட் முன்பணத்த, திருப்பிக் குடுத்துட்டதா போன வருசத்துச் சீட்டு பதினாலு இருக்கு. எல்லாத்துலயும் உங்க சாப்பு, உங்க பேரு போட்ட ரப்பர் முத்திரை. ஆனா பணம் அவங்க கைக்குப் போகல. அது உங்க கவனக்குறைவுன்னு ஒத்துக்கிறீங்க. ஏழாயிரத்தையும் நீங்க கட்டிடுறீங்க.

திருச்செல்வம்: அழகா சொன்ன. திருடன்ங்கிற வார்த்தைய மட்டும் விட்டுட்ட.

பிரேமலா: அந்த வார்த்தை வரக்கூடாதுன்னுதான் இந்த லெட்டரே! பொருளாளர் சிவகணேசன் சார் மேல பேசி எவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கியிருக்காரு தெரியுமா? போட்டீங்கன்னா மூணு மாசத்துல ரிட்டயர், பென்சன் அப்படியே கெடைக்கும். போடலன்னா வேலை நீக்கம். பென்சன் காலிலா மாமா.

திருச்செல்வம்: பொருளாளருக்கு என் மேல அம்புட்டு பாசமா? இத்தன வருசத்துல ஒரு கிளாஸ் தே ஓ வாங்கிக் குடுத்ததில்ல அந்த மனுசன்.

பிரேமலா: கேலி பண்ற நேரமா இது... இருங்க, போன். வணக்கம், நகராண்மைக் கழகப் புகார் கவுண்டர்... ஆமாம்மா... குப்பை லோரி நாளைக்குத்தான்... நாலு நாளாச்சா? எந்த வீடமைப்பு, எந்த தாமான்?... கொரங்கா? பையக் கிழிச்சிருச்சா? கொரங்குக்கு எங்ககிட்ட ஆளு இல்லம்மா, அது வேற இலாகா... சரி சரி, எழுதிக்கிறேன்.

திருச்செல்வம்: கொரங்கு மேல புகார் சொன்னாக்கூட எழுதிக்கிற. அந்தச் சீட்டெல்லாம் நான் எழுதலன்னு மூணு மாசமா சொல்றேன். ஒருத்தரும் எழுதிக்கல.

பிரேமலா: சாப்பு உங்களோடது மாமா.

திருச்செல்வம்: சாப்பு என்னோடது, ட்ராயரு எல்லாரோடது. கணக்குப் பிரிவுல அஞ்சு பேரு ரப்பர் சாப்பும் ஒரே ட்ராயர்லதானே கெடக்கும்? ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் எடுத்துக் குத்துவோம். நீ என் சாப்ப குத்தினதில்லயா?

பிரேமலா: எல்லாரும்தான் குத்துவோம்... எதுக்கு இப்ப அது?

திருச்செல்வம்: ஜனவரியில என்னைய ஸ்டோருக்கு மாத்தினாங்க. குடை, சாமி படம், தண்ணி போத்தல் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனேன். சாப்ப மட்டும் விட்டுட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்.

பிரேமலா: அத விசாரணையில சொல்லிடாதீங்க. சாப்ப விட்டுட்டுப் போனதே குத்தம்பாங்க... அத்தை எப்படி இருக்காங்க?

திருச்செல்வம்: கோயிலுக்குப் போயி மூணு வாரமாச்சு. கமிட்டியில நான் இனிமே கணக்குப் பாக்க வேணாமாம். உண்டியல் சாவிய வாங்க வந்தவன் வாசல்லயே நின்னான். தண்ணி குடுத்தோம், வேணாம்னுட்டான். வெக்கமா இருக்கு பிரேமலா. சத்தியமாச் சொல்றேன், சாகலாம் போல இருக்கு.

பிரேமலா: அப்படில்லாம் பேசாதீங்க... போட்டுருங்க. ரிட்டயர் ஆயிட்டா எல்லாரும் மறந்துருவாங்க.

திருச்செல்வம்: ஏழாயிரத்துக்கு?

பிரேமலா: நானும் கொஞ்சம் தர்றேன்.

திருச்செல்வம்: நீயா? நீ ஏன் தரணும்?

அய்யாவு: எக்ஸ்கியூஸ் மீ. நாப்பத்தி ரெண்டு வந்துருச்சு. பேசி முடிச்சாச்சுன்னா...

பிரேமலா: வாங்கண்ணே, உக்காருங்க. பேரு?

அய்யாவு: அய்யாவு. வீட்டு முன்னாடி சாக்கடை லொங்கான் அடைச்சு தண்ணி ரோட்டுல ஓடுது. மூணாவது தடவ வர்றேன். கொசு அங்க குடும்பமே நடத்துது.

பிரேமலா: பழைய புகார் நம்பர் இருக்கா?

அய்யாவு: ரெண்டு நம்பர் இருக்கு. எத வேணும்னாலும் எடுத்துக்கங்க, ரெண்டுக்கும் யாரும் வரல... ஆமா, இவரு யாரு? எங்கயோ பாத்திருக்கேனே. டேவான் பணத்த தின்ன கிராணி நீங்கதானே?

பிரேமலா: அண்ணே, லொங்கான பத்தி மட்டும் பேசுங்க.

அய்யாவு: ஏன், கேட்டா என்ன? என் மக கல்யாணத்துக்கு நானும் ஐநூறு கட்டினேன்லா! திருப்பி வாங்க நாலு தடவ நடந்தேன். சிங்கப்பூர்ல லோரி ஓட்டுறவன் நான், லீவு போட்டா அன்னைய சம்பளம் போச்சு. அதுல ஒரு தடவ வெள்ளிக்கிழமை லீவு போட்டு, எல்லைப் பாலத்துல மூணு மணி நேரம் நின்னு வந்து பாத்தா, மஜ்லிஸ் பூட்டிக் கெடக்கு!

திருச்செல்வம்: பூட்டியா?

அய்யாவு: அப்பல்லாம் நம்ம ஜொகூர்ல வெள்ளியும் சனியும்தானே லீவு. இந்த ஜனவரியிலதான் சனி ஞாயிறுன்னு மாத்தினாங்க. சிங்கப்பூர்லயே கெடந்து எனக்கு மறந்து போச்சு.

திருச்செல்வம்: எப்ப வந்தீங்க? தேதி ஞாபகம் இருக்கா?

அய்யாவு: போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்ன. ஏன், வட்டி போட்டுக் குடுக்கப் போறீங்களா? நெத்தி நெறைய விபூதி வேற... எனக்கு வாயில நல்லா வருது.

பிரேமலா: எழுதியாச்சுண்ணே. மூணு நாள்ல ஆளு வரும்.

அய்யாவு: போன தடவையும் இதே மூணு நாள்தான் சொன்னீங்க. உங்களுக்கெல்லாம் எங்க இருந்துதான் சோறு இறங்குதோ... வர்றேன்.

பிரேமலா: மனசுல வச்சிக்காதீங்க மாமா. அவருக்கு லொங்கான் கோவம்.

திருச்செல்வம்: அந்தச் சீட்டுக் காப்பி உன்கிட்ட இருக்குல்ல? குடு.

பிரேமலா: அது எதுக்கு இப்ப?

திருச்செல்வம்: குடுலா! ஒத்துக்கப் போறவன் பாக்கக் கூடாதா? இது வரைக்கும் ஒண்ணத்தான் கண்ணுல காட்டியிருக்காங்க.

பிரேமலா: ...இந்தாங்க.

திருச்செல்வம்: அய்யாவு... அய்யாவு... இந்தா. அக்டோபர் பதினெட்டு. போன்ல காலண்டர் எடு. போன வருசம் அக்டோபர் பதினெட்டு என்ன கெழம?

பிரேமலா: ...வெள்ளி.

திருச்செல்வம்: அலமாக்! அந்த மனுசன் வெளிய நின்னு பூட்ட ஆட்டிக்கிட்டு இருக்காரு. நான் உள்ள உக்காந்து அவருக்கு ஐநூறு குடுத்துக்கிட்டு இருக்கேன்!

பிரேமலா: தேதிய மாத்திப் போட்டிருப்பீங்க மாமா.

திருச்செல்வம்: மார்ச் பதினஞ்சு?

பிரேமலா: வெள்ளி.

திருச்செல்வம்: மே பதினேழு? ஆகஸ்ட் ஒம்போது?

பிரேமலா: அதுவும்... அதுவும் வெள்ளிதான்.

திருச்செல்வம்: நாலு சீட்டு லீவு நாள்ல. அப்ப ஞாயிறு நமக்கு வேலை நாளு, ஆனா மிச்சத்தையும் எண்ணிப் பாத்தா ஒரு சீட்டு கூட ஞாயித்துக்கிழமையில இல்ல. எழுதினவங்க சனி ஞாயிறு வந்துடாம பாத்துப் பாத்து எழுதியிருக்காங்க. இந்த வருசத்து லீவ மனசுல வச்சு போன வருசத்துக்கு தேதி போட்டிருக்காங்க! அப்படின்னா இது பூராவும் ஜனவரிக்கு அப்புறம் எழுதினது. நான் ஸ்டோர்ல பல்பு எண்ணிக்கிட்டு இருந்தப்ப.

பிரேமலா: விசாரணையில யாரும் இதக் கவனிக்கல...

திருச்செல்வம்: அவங்களுக்கு சாப்பு போதும், தேதி எதுக்கு? இத ரெண்டரைக்கு சொன்னேன்னா கதை முடிஞ்சுச்சு.

பிரேமலா: சொல்லப் போறீங்களா?

திருச்செல்வம்: ஏன், சந்தோசமா இல்லயா உனக்கு? மாமா திருடன் இல்லன்னு ஆயிருச்சே!

பிரேமலா: சந்தோசந்தான்... ஆனா அப்புறம் தேடுவாங்கல்ல. ஜனவரிக்கு அப்புறம் அந்த ட்ராயர் பக்கத்துல யாரு இருந்தான்னு.

திருச்செல்வம்: தேடட்டும். லஞ்ச ஒழிப்பு வரட்டும், போலீஸ் வரட்டும். உனக்கென்ன?

பிரேமலா: ...போன் அடிக்குது மாமா.

திருச்செல்வம்: அடிக்கல. கணக்குப் பிரிவுல ஒம்போது வருசம் காண்ட்ராக்ட்ல இழுத்தடிச்சாங்க உன்னைய. ஏப்ரல்ல நிரந்தரம் ஆச்சு, தனிக் கவுண்டர் வந்துச்சு. உங்க அத்தை கேசரி கிண்டி மஜ்லிஸ் முழுக்கக் குடுத்துச்சு. சிவகணேசன் ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னாரு.

பிரேமலா: மாமா, எனக்கு ரெண்டு புள்ளைங்க...

திருச்செல்வம்: நான் ஒண்ணும் கேக்கலயே.

பிரேமலா: லோஷினிக்கு இந்த வருசம் எஸ்பிஎம் பரீட்சை...

திருச்செல்வம்: தெரியும். பேனா எங்க?

பிரேமலா: எதுக்கு?

திருச்செல்வம்: எதுக்குன்னு கேக்குற பாரு. காலையில இருந்து நீதானே போடு போடுன்ன? எங்க, இங்கயா?

பிரேமலா: மாமா...

திருச்செல்வம்: இந்தா. போட்டாச்சு, பத்திரமா வச்சிக்க. உங்க அம்மா சாகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உன்னையப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போயிருந்தாக்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். இப்ப நானா போயி முட்டாளாகுறேன். அழாத. நீ அழுதா எனக்குக் கோவந்தான் வருது.

பிரேமலா: எப்பத் தெரியும் உங்களுக்கு?

திருச்செல்வம்: மொத நாளே. ஒரு சீட்டக் காட்டினாங்கல்ல? உன் எழுத்து எனக்குத் தெரியாதா? சிவகணேசன் எழுதச் சொல்லியிருப்பாரு, நீ எழுதியிருப்ப. பணம் அவருக்கு, வேலை உனக்கு. அதெல்லாம் புரிஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் புரியல. அஞ்சு சாப்பு கெடந்துச்சே அங்க. ஏன் என்னோடத எடுத்த?

பிரேமலா: வேணாம் மாமா.

திருச்செல்வம்: கைக்கு மொதல்ல அதுதான் ஆப்டுச்சுன்னு சொல்லு. பொய்யாவது சொல்லிட்டுப் போ.

பிரேமலா: ...சார் வேற ஒருத்தரு சாப்பத்தான் எடுக்கச் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். "மத்தவங்கன்னா மாட்டிவிட்டுருவாங்க சார், எங்க மாமான்னா என்னையக் காட்டிக் குடுக்க மாட்டாரு"ன்னு சொன்னேன்.