கலந்ததும் கெட்டியான எண்ணெய்

நிலக்கரியிலிருந்து எடுத்த இரண்டு எண்ணெய்களைக் கலந்ததும் கலவை கெட்டியாகிறது என்று, முன்பு அம்பர்நாத் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த பரமசிவன் அளந்து சொன்னார். அளக்கும் குழாயைக் கழுவாமல் பொய்யளவு எழுதுகிறார் என்று எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசினேன். அவர் வேலையை விட்டுப் போனார்.

போன வாரம் தாணே லோக்கல் ரயிலில் என் எதிரே இரண்டு தமிழ் மாணவர்கள்.

“ஏல, தனித்தனியா தண்ணியா ஓடுன நிலக்கரி எண்ணெய், கலந்தா பாகா நிக்கி. டியூப கழுவலையோ?”

“கழுவினேம்ல. ஒண்ணுல அமிலம், இன்னொண்ணுல காரம். மூலக்கூறு ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிடுது. பெறவு எப்படி ஓடும்?”

“கல்யாணம் ஆன எங்க அண்ணன் மாதிரி.”

மறுநாளே சான்பாடாவில் பரமசிவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“எல்லார் முன்னாடியும்தான ஏசினீங்க? அங்க வந்து சொல்லுங்க சார்” என்றார்.

ஆய்வகத்தை மூடிப் பல வருடங்களாகிவிட்டன என்பது அவருக்கும் தெரியும்.