கை நடுங்காதவன்

சாத்தாங்காட்டு ரோட்டைக் கடப்பது லேசுப்பட்ட வேலை இல்லை சார். பிரேக் போடுவதை கண்டெய்னர் லாரிக்காரன் மானக்கேடாக நினைப்பான். அதனால்தான் ஜெயவேலுக்குத் துணையாக நான் போனேன். நான் போகாவிட்டால் வேறு யார் போவார்கள்?

இரும்பு யார்டில் அவன் கிரேன் ஓட்டுவான். நான் கீழே நின்று கை காட்டுவேன். மேலே உட்கார்ந்திருப்பவனுக்குச் சுமை இறங்கும் இடம் தெரியாது, என் கைதான் தெரியும். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்குவான், முஷ்டியை மடக்கினால் நிறுத்துவான். முதலாளியே வந்து கத்தினாலும் திரும்ப மாட்டான். கட்டின பெண்டாட்டியைக்கூட அவன் அப்படி நம்பியிருக்க மாட்டான்.

பிறகு வரதன் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஜெயவேல், "பிரகாஷு, இனிமே வரதன் கை காட்டட்டும். உன் கை இப்பல்லாம் நடுங்குது மாமு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது சார், மறைப்பானேன்.

அன்று சாயங்காலமும் நான்தான் கை காட்டினேன். தகடு உட்கார வரதன் குனிந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது இரும்புத் தகடு அவன்மேல் இறங்கிவிட்டது. அலறல் கேட்டுப் பதறி கிரேனிலிருந்து குதித்த ஜெயவேலின் தலை இரும்பில் மோதியது. வரதன் அங்கேயே செத்துப்போனான். ஜெயவேல் உயிர் பிழைத்தான், ஆனால் அந்த நாள் மட்டும் அவன் நினைவில் இல்லை.

புளியந்தோப்பில் அவன் வீட்டுக்குத் தினமும் வடகறி வாங்கிப் போனேன்.

"அன்னிக்கி இன்னாடா ஆச்சி?" என்பான்.

"நான் நிறுத்துன்னு கை காட்னேன், நீதான் பாக்காம எறக்கிட்ட. வுடு நைனா, போனது போச்சு."

அழுவான். முதுகைத் தட்டிக் கொடுப்பேன். அவன் மனைவி அம்முவே, "கூடப் பொறந்தவன்கூட இப்பிடிப் பாத்துக்க மாட்டான் அண்ணே" என்றாள்.

போன வாரம், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்முவுக்கு உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தேன். கட்டிலில் கிடந்த ஜெயவேலின் கை, இல்லாத லீவரைப் பிடித்துத் தானாகத் தள்ளியது. அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

"நீ எறக்கச் சொன்ன மாதிரி கீதே பிரகாஷு."

"கனவு கண்டிருப்ப."

"இருக்கலாம். என் மண்டைய நானே நம்பல. ஸ்டேஷன்ல போயி சொல்லிடலாம், அவுங்க விசாரிச்சிக்கட்டும். நீயும் வா. நீ கூட இருந்தா எனக்கு பயமில்ல."

போனோம். அடிபட்டதிலிருந்து அவனுக்குப் பக்கவாட்டில் வருவது சரியாகத் தெரியாது. நான் முதலில் ரோட்டைக் கடந்து நின்று, வா என்று கை காட்டினேன். லாரி ஹாரன் அடித்தும் அவன் திரும்பவில்லை. என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தான்.

வரதன்மேல் தகட்டை இறக்கச் சொன்னதும் இதே கைதான், எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தடவையும் நடுங்கவில்லை. கலகலவென்று இப்போது கேட்பது கைவிலங்குச் சத்தம் சார். லூசாகப் பூட்டியிருக்கிறார்கள்.