ஒர்லா பதினொரு செக்கனில் திறக்கும்

உங்கள் கணினி திறப்பதற்கு நாலு நிமிடம் எடுத்தது. இந்தக் கதிரையில் வந்து இருந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தேவையில்லாத நிரல்கள் பத்துப் பதினைந்து அதனோடு சேர்ந்து எழும்புகின்றன. காணாமற்போனவர்களைப் பற்றிய இந்த விசாரணை முடிந்த பிறகு நேரமிருந்தால் சரிப்படுத்தித் தருகிறேன்.

கனகசுந்தரத்தைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. உள்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒன்பது வருடமாகக் கணினி வகுப்பு நடத்துகிறேன். திருகோணமலைக் கந்தோர்களில் இன்று தட்டச்சு செய்கிற பாதிப்பேருக்கு விண்டோஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து என் வகுப்பில் படிப்பித்தவர்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஒர்லா. விண்டோஸைப் போல அதுவும் கணினியை இயக்குகிற மென்பொருள்தான். அதைச் செய்த கம்பனியை ஐந்து வருடத்துக்கு முன்பே இழுத்து மூடிவிட்டார்கள். உலகத்தில் எவரும் அழவில்லை. ஆனால் ஜெர்மனியில் ஒருவர், பிரேசிலில் ஒருவர் என்று வேலைவெட்டி இல்லாத நாற்பது பேர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், அதை முதலிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் தமிழ் எழுத்தைத் தெரியவைக்கும் பகுதி நம்முடைய சல்லிக்காரருடையது. ஷெல்லடியில் கூரை கிழிந்த வீட்டில் இருந்துகொண்டு, எவரும் பாவிக்காத ஒன்றுக்கு, எவரும் வாசிக்கப்போகாத எழுத்து. வகுப்பில் எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறேன்.

"செத்ததுக்குப் பவுடர் பூசுறீர்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "இல்லை சேர், மூச்சு வருது. பதினொரு செக்கனில திறக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

நான் போகவில்லை. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் விட்டுப்போன பழைய கணினிகளில் விண்டோஸ் நகராது. அவர் அவற்றில் ஒர்லாவைப் போட்டு ஊரில் மீனவர் சங்கக் கட்டடத்தில் வைத்தார். என்னிடம் வந்துகொண்டிருந்த சல்லிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஏனென்று கேட்டால், "நாங்கள் கனகசுந்தரம் சேரிட்டப் படிக்கிறம்" என்றார்கள். அவரைச் சேர் ஆக்கியது யார்? எனக்கு எரிச்சல் வந்தது, அதை மறைக்கவில்லை.

சென்ற வருடம் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தபோதெல்லாம், வீட்டிலுள்ள கணினியைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. சிப்பாய்க்குத் தமிழும் தெரியாது, கணினியும் தெரியாது. நீல வானமும் பச்சைப் புல்வெளியும் அந்த ஆரம்ப இசையும் வந்தால் சரியென்று போய்விடுவான். கனகசுந்தரத்தின் திரையில் புல்வெளி வரவில்லை. கறுப்பில் வெள்ளை வரிகள் ஓடின. பெட்டியையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவ்வளவு நிரல் எழுதியவருக்கு, சோதனைக்கு வருகிறவனுக்காக ஒரு புல்வெளிப் படத்தை முன்னால் வைக்கத் தோன்றவில்லை. கெட்டித்தனம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை என்னை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். முகத்தில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஆட்களைக் காட்டிக்கொடுக்கத் தலையாட்டப் போனவன் இல்லை நான். நிபுணராகப் போனேன். கதிரை தந்தார்கள், தேநீர் தந்தார்கள். கனகசுந்தரம் மூலையில் நிலத்தில் இருந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சேர் வந்திட்டார். சேருக்கு எல்லாம் தெரியும். இது என்னெண்டு சொல்லுங்கோ சேர்."

இது சாதாரண கணினியா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். கடைகளில் விற்கிற மென்பொருளா? இல்லை. வெளிநாட்டிலிருந்து செய்தி வருகிறதா? ஓம், வாரா வாரம். இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றேன். நாலு பதிலில் மூன்று சத்தியமான உண்மை.

"சேர்" என்று கனகசுந்தரம் ஒருமுறை கூப்பிட்டார். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினேன். அடுத்த நாள் கனகசுந்தரத்தைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் முடித்துவிட்டதாக அந்த அதிகாரிதான் பிறகு சொன்னார். அவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம். சல்லியில் முதலில் பார்க்கவேண்டிய வீடு எது என்று அவருக்கு நான் சொன்னதும் அந்தப் பழக்கத்தில்தான்.

பெட்டியை ஆராய்ந்து பார்க்கச் சொல்லி என்னிடமே தந்தார்கள். போட்டேன். பதினொரு செக்கன். தொலைபேசி இணைப்பைக் கொடுத்ததும் மின்னஞ்சல் கடிதங்கள் வந்து விழுந்தன. உங்கள் ஊரில் சண்டையாமே, சுகமா என்று ஜெர்மன்காரர் கேட்டிருந்தார். பதில் போடாவிட்டால் விசாரிக்கத் தொடங்குவார்கள். கனகசுந்தரத்தின் பெயரிலேயே, சுகம் என்று எழுதினேன். ஒர்லாவில் 'கொ' எழுத்தின் கொம்பு இடம் மாறி விழுந்தது, அதைத் திருத்துவதை அவர் பாதியில் விட்டிருந்தார். நான் முடித்து அனுப்பினேன். நாற்பது மடையர்களும் பாராட்டினார்கள். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் எழுதுகிறேன். போன மாதம் ஒர்லாவின் முதற்பதிப்பு வெளிவந்தது. நன்றி சொல்லும் பட்டியலில் மூன்றாவது பெயர் கனகசுந்தரம். தமிழ்ப் பகுதியில் முக்கால்வாசி என் வேலை. ஆனாலும் நான் என் பெயரைப் போடவில்லை.

ஜெர்மன்காரர் அந்தப் பதிப்பை ஓர் இறுவட்டில் போட்டு, கடிதத்தோடு சல்லி விலாசத்துக்கே தபாலில் அனுப்பிவிட்டார். கனகசுந்தரத்தின் மனைவி புஷ்பவதி அதை என்னிடம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் வாசிக்க வேறு யாரிடம் போவார்? போன வியாழக்கிழமை நீங்கள் எழுதிய கடிதத்துக்கு நன்றி என்று இருந்தது. உள்ளபடியே வாசித்துச் சொன்னேன்.

"அப்ப அவர் இருக்கிறாரோ சேர்?"

"ஓம்."

"எங்கயெண்டு சொல்லேல்லையோ?"

"அதெல்லாம் கடிதத்தில எழுத ஏலாது பிள்ளை."

சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நான் சொன்னனான் சேர். ஒருத்தரும் நம்பேல்லை." இப்போது முகாம் வாசல்களில் போய் நிற்பதில்லை. குங்குமம் வைத்துக்கொள்கிறார். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று அவர் உங்களிடம் அடம்பிடிப்பதும் அதனால்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு என் வகுப்பு வாசலுக்கு வந்து, இந்தக் கிழமையும் எழுதினவரோ என்று கேட்டுவிட்டுப் போகிறார். இப்படி ஓர் ஆறுதலை இந்த ஊரில் வேறு யார் அவருக்குக் கொடுத்தார்கள்?

கனகசுந்தரத்தைக் கொன்றது நான் என்று எழுதுவதானால் எழுதுங்கள், மறுக்கவில்லை. கொஞ்சம் சுருக்காக முடித்தால் நல்லது, இன்று வியாழக்கிழமை. அதற்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இவ்வளவு காலமும் அவரை உயிரோடு வைத்திருப்பவனும் நான்தான்.